தகுதி இருந்தால் போதுமா?

அம்பாங் பெச்சா என்றால் ‘உடைந்த அணை’ என்று பொருள். கோலகுபு பாருவை ஒட்டியிருக்கும் இந்தச் சிற்றூர்தான் பழைய கோலகுபு பட்டணம் இருந்த இடம். 1883 அக்டோபரில் இங்கிருந்த அணை உடைந்து, வெள்ளம் பட்டணத்தை வாரிக்கொண்டு போனது. மாண்டவர்களில் பிரிட்டிஷ் அதிகாரி சிசில் ரேங்கிங்கும் ஒருவர்.

அணை ஏன் உடைந்தது? வட்டாரத்தில் வழிவழியாக ஒரு கதை உண்டு. அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை ரேங்கிங் சுட்டாராம். அதனால்தான் அணை உடைந்ததாம்.

இந்தப் பக்கத்தில் டியூஷன் சொல்லித்தரும் நான், படிவம் நான்கு கணிதத்தில் தர்க்கப் பாடம் வரும்போது இந்தக் கதையை எடுப்பதுண்டு. “முதலையைச் சுட்டது, அணை உடையப் போதுமா?” என்று கேட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். “சரி, மழை போதுமா?” என்று கேட்டால் பாதிப் பேர் கை தூக்குவார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

மழை மட்டுமே போதும் என்றால், முந்தைய மழைக்காலங்களிலேயே அணை உடைந்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் அது நின்றது. “அவ்வளவு கனத்த மழை” என்று திருத்திச் சொன்னால் அது வேறு கூற்று. எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். அணையின் வயது, கரையின் பலம், தேங்கிய நீரின் அளவு எல்லாம் சேர்ந்துதான் ‘போதும்’ என்ற நிலையை உண்டாக்கியிருக்கும்.

ஒரே சொல், இரண்டு வேலை

ஆங்கிலத்தில் ‘சஃபிஷியன்ட்’ என்ற சொல் அன்றாடப் பேச்சிலும் தர்க்கத்திலும் வருகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

“செடிக்குப் போதிய தண்ணீர் இருக்கிறது” என்கிறோம். செடி கட்டாயம் வளரும் என்றா சொல்கிறோம்? இல்லை. தண்ணீரைப் பொறுத்தவரை குறையில்லை என்கிறோம், அவ்வளவுதான். வெயில் இல்லாவிட்டாலோ, மண் கெட்டிருந்தாலோ செடி வாடும். அன்றாடப் பேச்சின் ‘போதும்’, தேவையான பல பொருள்களில் ஒன்று வேண்டிய அளவு இருப்பதைக் குறிக்கிறது.

தர்க்கத்தின் ‘போதும்’ கண்டிப்பானது. அ என்பது ஆ-வுக்குப் போதுமான நிபந்தனை என்றால், அ இருக்கும் இடத்திலெல்லாம் ஆ இருந்தே தீரும். விதிவிலக்கு ஒன்று கிடைத்தாலும் கூற்று விழுந்துவிடும். ஓர் எண் நான்கால் மீதியின்றி வகுபட்டால் அது இரட்டை எண். இதில் மழையும் வெயிலும் குறுக்கே வரமுடியாது. ஆனால் இரட்டை எண்ணாக இருக்க நான்கால் வகுபட வேண்டியதில்லை. ஆறு வகுபடாது, ஆனாலும் இரட்டை எண்தான். ஆக, போதுமானது எல்லாம் தேவையானது அல்ல.

‘தான்’ செய்யும் மாயம்

இந்த வேறுபாட்டைத் தமிழ் ஒரே அசையில் காட்டிவிடும். “படித்தால் தேறுவாய்” என்று அம்மா சொன்னால், படிப்பு போதுமான நிபந்தனை. “படித்தால்தான் தேறுவாய்” என்றால், படிப்பு தேவையான நிபந்தனை. படிக்காமல் தேற வழியில்லை, ஆனால் படித்தவர் எல்லாரும் தேறுவார் என்ற உறுதி அதில் இல்லை. ஆங்கிலத்தில் ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’ என்பவற்றில் தடுமாறும் மாணவர்களிடம், தமிழில் ‘தான்’ போட்டுப் பார்க்கச் சொல்வேன். குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மனு செய்யும் நேரத்தில்

இது தேர்வுத்தாளோடு முடிகிற சங்கதி அல்ல. எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாய்மொழியில் தேறியிருக்க வேண்டும்; 2013 முதல் வரலாற்றிலும் தேறியிருக்க வேண்டும். இவை தேவையான நிபந்தனைகள். மற்றப் பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும் இவற்றை ஈடுகட்ட முடியாது.

அடுத்து யூபியு. ஒரு படிப்புக்குக் குறைந்தபட்சத் தகுதி என்று பட்டியல் தருகிறார்கள். “எல்லாத் தகுதியும் இருந்தும் இடம் கிடைக்கவில்லையே” என்று ஆண்டுதோறும் வீடுகளில் கண்ணீர். அந்தப் பட்டியல் செடிக்கான தண்ணீரைப் போன்றது. அது போட்டிக்குள் நுழைய விடும். இடத்தை உறுதி செய்யாது. அதன்பிறகு கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு எனத் தகுதிப் புள்ளி கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். இருக்கிற இடங்களோ குறைவு. இதைத் தெரிந்துகொண்டவர் இரண்டாவது, மூன்றாவது தேர்வுகளையும் அக்கறையோடு நிரப்புவார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எஸ்பிஎம்மில் 10ஏ, அதற்கு மேல் பெற்றவர்களுக்கு இனவேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. இது போதுமான நிபந்தனை. ஆனால் ஒன்பது ஏ வாங்கிய பிள்ளைகள் சிலர், “பத்து இல்லையே சார், எனக்கு எங்கே கிடைக்கும்?” என்று மனுவே செய்யாமல் இருக்கப் பார்க்கிறார்கள். அறிவிப்பு ‘பெற்றால்’ என்றது. அவர்கள் காதில் ‘பெற்றால்தான்’ என்று விழுந்திருக்கிறது. பத்துக்குக் குறைவாகப் பெற்றவர்களும் போட்டியிட்டு இடம் பெறுகிறார்கள். மனு செய்யாதவருக்கு மட்டும் இடம் கிடைக்காது என்பது நிச்சயம்.

நிபந்தனையின் எல்லையும் முக்கியம். 10ஏ என்பதில் ஏ மைனஸ் சேருமா, சேராதா என்று 2025இல் பெரிய விவாதமே நடந்தது. எது போதும் என்று சொல்பவர், அதன் அளவைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்பவரும் கேட்டுத் தெளிய வேண்டும்.

மாணவர்களே, உபகாரச் சம்பள அறிவிப்போ, தனியார் கல்லூரி விளம்பரமோ கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது இல்லாமல் கிடைக்குமா? இது மட்டும் இருந்தால் கட்டாயம் கிடைக்குமா? முதல் கேள்விக்கு ‘கிடைக்காது’ என்பது பதிலானால் அது தேவையானது. இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றால் அது போதுமானது. இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு, பிறகு பாரத்தை நிரப்புங்கள்.