பார்த்து எழுதுவோம்

எமது சஞ்சிகைக்கு மாணவியர் அனுப்பும் கவிதைகளை ஆண்டுதோறும் வாசிக்கிறேன். அவற்றில் நிலவும் ரோஜாவும் கடலலையும் தவறாமல் வருகின்றன. மாத்தளை மாவட்டத்திற்குக் கடற்கரையே இல்லை. எம்மைச் சுற்றியிருக்கும் மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் நக்கிள்ஸ் மலையில் இறங்கும் முகிலும் கவிதைக்குள் வருவது அரிது. மாணவியரிடம் சொல்வளம் இருக்கிறது. பார்வைதான் இரவலாக இருக்கிறது. சொந்தப் பார்வையைப் பழக்கிக்கொள்ள, பிறர் படைத்த ஓவியம், சிற்பம், ஒளிப்படம் முதலியவற்றை நின்று பார்ப்பது நல்ல வழி.

இவ்வழக்கம் எமது மாவட்டத்தில் மிகப் பழையது. சீகிரியாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பார்க்க வந்தோர், தம் மனதில் பட்டதை அங்குள்ள கண்ணாடிச் சுவரில் சிங்களச் செய்யுள்களாகக் கீறிவைத்தனர். பெரும்பாலானவை 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானவை. பேராசிரியர் செனரத் பரணவிதான 685 செய்யுள்களை வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். பெண்கள் எழுதியவையும் அவற்றில் உண்டு. ஒருவர் ஓவியத்தின் அழகை வியக்கிறார். இன்னொருவர் ஓவியப் பெண்கள் பேசவில்லையே என்று குறைப்படுகிறார். பார்த்தது ஒன்று, எழுதியது வெவ்வேறு. இன்று நாம் சுவரில் கீறக் கூடாது. அதற்குக் குறிப்பேடு இருக்கிறது.

எமது காலக் கலைக்கும் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலங்கையில் பத்திக் கலைக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் ஒருவரான ஈனா டி சில்வா (1922–2015) அலுவிகாரையில் வாழ்ந்தவர். அவரது பணியால் கிராமத்துப் பெண்கள் பலர் பத்திக்கும் தையல் வேலைப்பாடும் செய்து வருமானம் பெற்றனர். பத்திக்கில், சாயம் ஏறக் கூடாத இடத்தை முதலில் மெழுகால் மூடுவார்கள். பின்னர் துணியைச் சாயத்தில் தோய்த்து மெழுகை நீக்குவார்கள். மூடிய இடமே கோலமாகத் தெரியும். கவிதையிலும் எதைச் சொல்லாமல் விடுவது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.

தம்புள்ளைக்கு அருகே தியபுபுலவில் வாழ்ந்து 2021இல் மறைந்த லக்கி சேனாநாயக்க ஓவியர், சிற்பி. 1979இல் வெளிவந்த நாணயத்தாள்களில் பறவை, மீன், வண்ணத்துப்பூச்சி முதலியவற்றை வரைந்தவர் அவரே. கந்தலம ஹோட்டலின் படிக்கட்டுக்கு மேலே சிறகு விரித்து நிற்கும் பெரிய உலோக ஆந்தையும் அவருடையது. தாம் வாழ்ந்த காட்டின் உயிர்களையே அவர் கலைக்குள் கொண்டுவந்தார்.

உருவச் சித்திரங்களில் சில பெற்றோருக்குத் தயக்கம் இருக்கலாம். அவர்கள் எழுத்தணிக் கலையைப் பார்க்கலாம். துனீசிய வம்சாவளிக் கலைஞர் எல் சீட் 2016இல் கெய்ரோ நகரில், குப்பை சேகரித்து வாழும் மக்களின் குடியிருப்பில், ஏறத்தாழ 50 கட்டடச் சுவர்களில் ஓர் அரபு வாசகத்தைத் தீட்டினார். தெருவில் நிற்பவருக்குத் துண்டு துண்டாகவே தெரியும். அருகிலுள்ள முகத்தம் குன்றில் ஏறி நின்றால்தான் முழு வட்டமும் தெரியும். நிற்கும் இடம் மாறினால் பொருளும் மாறுகிறது. கதையை யாருடைய இடத்தில் நின்று சொல்வது என்ற கேள்விக்கும் இது பொருந்தும்.

டிஜிட்டல் ஓவியர் கோட்டை ஓர் அடுக்கிலும் வண்ணத்தை வேறோர் அடுக்கிலும் வைத்து, ஒன்றைக் கெடுக்காமல் மற்றதைத் திருத்துவார். எழுதுபவரும் முதற்பிரதியை அழிக்காமல் அடுத்த பிரதியை எழுதிப் பழகலாம்.

மாணவியர் இப்படித் தொடங்கலாம். ஒரு படைப்பை ஐந்து நிமிடம் பாருங்கள். “அழகு” என்ற சொல்லைத் தொடாமல் கண்ணுக்குத் தெரியும் பத்து விடயங்களை எழுதுங்கள். உங்களுக்குள் எழும் ஒரு கேள்வியையும் குறியுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து கவிதையையோ கதையையோ ஆரம்பியுங்கள். கலைஞரின் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். வீட்டிலுள்ள கையடக்கத் தொலைபேசியால் ஒரே முற்றத்தைக் காலையிலும் மாலையிலும் படம் எடுத்து, நிழல் எப்படி இடம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். மனிதரைப் படம் எடுப்பதானால் முதலில் அனுமதி கேளுங்கள்.

பெற்றோரே, உங்கள் மகள் காயப்போட்ட மிளகை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றால், நேரத்தை வீணாக்குகிறாள் என்று உடனே அழைத்துவிடாதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதில் இன்ஷா அல்லாஹ் எமது அடுத்த இதழில் வரலாம்.