துடுக்கும் கிதாரும்

ராக் என்றாலே காது கிழியும் கத்தல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஹாஸ்டலில் ஒருநாள் ரூம்மேட் என் காதில் இயர்போனைச் சொருகி, "இதக் கேளுடா" என்றான். கிதார், டிரம்ஸ், நடுவே புல்லாங்குழல்... மெட்டோ கிராமத்துப் பாட்டு! அதுதான் 'பம்பிர்'. ஆர்மீனியாவின் கியூம்ரி நகரில் (அப்போது லெனினாகான்) 1978-ல் தொடங்கிய குழு. அப்பா ஆரம்பித்ததை மகன் தலைமுறை எடுத்துக்கொண்டது.

இப்படிக் கலப்பது லேசில்லை. ஆர்மீனிய நாட்டுப்பாட்டு ஒற்றை மெட்டாக ஓடுவது. கிதார் கார்டுகளை இஷ்டத்துக்கு அடுக்கினால் மெட்டு அமுங்கிவிடும். இதற்கு வழி அந்த ஊர் 'துடுக்' வாத்தியத்திலேயே இருக்கிறது. ஆப்ரிகாட் மரத்தில் செய்த குழல். நம்ம நாயனம் மாதிரி சீவாளி உண்டு. ஒருவர் மெட்டு வாசிக்க, இன்னொருவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருப்பார். நம்ம ஒத்தேதான்! அங்கே அதற்குப் பெயர் 'தாம்'. கன்னத்தில் அடக்கிய காற்றை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். (டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு நானும் முயன்றேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம்!) ராக்கில் அந்த வேலையை பேஸ் கிதாரிடம் கொடுத்தால் மெட்டு பிழைத்துக்கொள்ளும்.

அந்த மெட்டுகள் நம் காதுக்கு வந்ததே பெரிய விஷயம். கோமிதாஸ் என்ற பாதிரியார் கிராமம் கிராமமாகப் போய், கேட்ட பாட்டுகளை எழுதிவைத்தார். 1915 ஏப்ரலில் கான்ஸ்டான்டிநோபிளில் அவரைக் கைது செய்தார்கள். உயிரோடு திரும்பியவர் மனம் குலைந்து, 1935-ல் பாரிஸில் இறந்தார். எழுதியதில் பெரும்பகுதி தொலைந்துபோச்சு. திரும்பப் போய்க் கேட்கலாம் என்றால், பல கிராமங்களில் பாட ஆளே மிஞ்சவில்லை.