வெறும் சிலிண்டரை விட அதிகம் கொள்ளும் சிலிண்டர்!



2022இல் கேஸுக்காக வீதியோரத்தில் வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சிலிண்டரைச் சற்று அசைத்துப் பாருங்கள். உள்ளே திரவம் தளம்பும். சமையல் வாயு சிறிதளவு அமுக்கத்திலேயே திரவமாகிவிடுவதால்தான் அது சிறிய சிலிண்டரில் அடங்குகிறது. காபனீரொட்சைட்டைத் தராமல் எரியும் ஐதரசனோ இதற்கு இணங்குவதில்லை. சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. ஐதரசனில் ஓடும் கார்களில் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 700 மடங்கில் அதை அடைத்து வைக்கிறார்கள். அதற்கு விலைகூடிய, பலமான தாங்கி வேண்டும். அமுக்குவதற்கே கணிசமான சக்தியும் செலவாகிறது.

இப்போது ஒரு கேள்வி. ஒரு சிலிண்டருக்குள் ஒருவகைத் தூளை நிரப்பிவிட்டு, அதன்பின் வாயுவைச் செலுத்தினால் கூடுதலாகக் கொள்ளுமா, குறைவாகக் கொள்ளுமா? "குறைவாகத்தான்" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதே அமுக்கத்தில் கூடுதலாகக் கொள்ளும் என்பதே விடை!

வகுப்பறைப் பிள்ளைகளைப் பாருங்கள். வெறும் அறையில் விட்டால் ஓடித்திரிந்து சுவரில் மோதுவார்கள். வாங்குகளைப் போட்டால் அதே அறையில் இன்னும் பலர் நெருங்கி அமர்வார்கள். வாயுவின் மூலக்கூறுகளும் அப்படியே. ஒட்டிக்கொள்ளச் சுவர்கள் கிடைத்தால் நெருங்கி அமர்கின்றன.

அத்தகைய சுவர்களைக் கட்டியவர்களுள் ஒருவர் உமர் யாகி. 1965இல் ஜோர்தானின் அம்மான் நகரில், பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில் பிறந்தவர். வீட்டில் மின்சாரம் இல்லை. உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 15 வயதில் அமெரிக்கா சென்று, கடையில் பொருட்களைப் பையிலிட்டும் தரை துடைத்தும் படித்தார். 2015இல் மன்னர் பைஸல் பரிசும், 2025இல் ஜப்பானின் சுசுமு கிதகாவா, அவுஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ரொப்சன் ஆகியோருடன் இரசாயனவியலுக்கான நோபல் பரிசும் பெற்றார்.

அவர் 1999இல் அறிவித்த 'மொஃப்-5' என்ற பொருளில் நாக அணுக்களின் கூட்டங்கள் மூலைத்தூண்கள். அவற்றை இணைக்கும் சட்டங்கள், பொலியெஸ்டர் துணி தயாரிக்கப் பயன்படும் டெரப்தாலிக் அமிலத்திலிருந்து வந்தவை. (நாம் உடுக்கும் துணியின் மூலப்பொருள்தான்!) இடையிலுள்ள அறைகள் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை விடச் சற்றுப் பெரியவை. ஒரு கிராம் தூளின் உட்சுவர்களை விரித்தால் ஏறத்தாழ 2,900 சதுர மீற்றர் வரும். நம் காணிக் கணக்கில் 100 பேர்ச்சசுக்கு மேல்!

நாளைக்கே இது அடுப்பங்கரைக்கு வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஐதரசன் இந்தச் சுவர்களில் நன்றாக ஒட்டுவது பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை போன்ற கடுங்குளிரில்தான். வெப்பம் கூடினால் பிடி தளர்கிறது. மொஃப்-5 ஈரக்காற்றில் சிதைந்தும் போகிறது. காரிலே அத்தகைய குளிரூட்டியைச் சுமந்து செல்வது இலகுவா?

ஈரத்தைத் தாங்கும் சட்டகங்கள் பின்னர் வந்தன. கனடாவில் சீமெந்துத் தொழிற்சாலையொன்றின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிக்க அவற்றில் ஒன்றைப் பரீட்சித்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. யாகியின் சிறுபராயத்தில் குழாயில் தண்ணீர் எப்போதாவது சில மணி நேரமே வரும்; அதற்குள் ஓடிப்போய்ப் பாத்திரங்களை நிரப்ப வேண்டும். 2018இல் அவரது குழுவினர் அரிசோனா பாலைவனத்தில் ஒரு பெட்டியை வைத்தார்கள். உள்ளிருந்த தூள் இரவுக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியது. பகல் வெயில் பட்டதும் அதை விட்டுக்கொடுத்தது. மின்சாரமின்றியே பெட்டிக்குள் தண்ணீர் சேர்ந்தது.