அந்நிய மண்ணில் முதல் ஒரு மணி நேரம்



நம் வீட்டிலிருந்து ஒரு பெண் வெளிநாடு புறப்படுகிறாள் என்றால் எத்தனை ஆயத்தங்கள்! புதுப் பெட்டி வாங்குகிறோம். மிளகாய்த்தூள் இடித்துக் கட்டுகிறோம். வீடு வீடாகப் போய் ஸலாம் சொல்லி, தெரிந்தும் தெரியாமலும் செய்த குறைகளுக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் விமானம் போய் இறங்கியதும் யார் என்ன கேட்பார்கள், எதைக் காட்ட வேண்டும், எதைக் கையைவிட்டு விடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா? அவள் அனுப்பப் போகும் முதல் மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கிற நாம், அவள் இறங்கப் போகும் முதல் ஒரு மணி நேரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

பெண் தனியே பயணம் செய்வது பற்றிய மார்க்கச் சட்டம் தனியே பேசப்பட வேண்டியது. இங்கே நான் எடுத்துக்கொண்டது அதுவல்ல. வேலைக்கும், உம்ராவுக்கும், வைத்தியத்துக்கும், பிள்ளைகளைப் பார்க்கவும் நம் பெண்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போகிறவள் அறிந்து போக வேண்டும். அதுவே என் பேச்சு.

நயினாதீவுக் கல் சொல்லும் பாடம்

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பிறந்தவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அந்நியர் வந்து இறங்கினால் அவரை எப்படி நடத்த வேண்டும் என்று 800 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த மண் அது. பொலன்னறுவையில் இருந்து ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153 - 1186) தமிழ்க் கல்வெட்டு நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கிறது.

அது என்ன சொல்கிறது? வேற்று நாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும். யானை, குதிரை ஏற்றி வரும் மரக்கலம் உடைந்து போனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி.

கவனியுங்கள் சகோதரிகளே! சிங்கள மன்னன் இட்ட கட்டளை தமிழில் இருக்கிறது. வந்து இறங்குகிறவனுக்கு விளங்க வேண்டும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்நியனுக்குப் பாதுகாப்பு என்பது யாரோ ஒருவருடைய நல்ல மனம் அல்ல. எழுதப்பட்ட விதி, அதை அவன் முன்கூட்டியே அறிந்திருப்பது, இந்த இரண்டும்தான்.

இன்று நயினாதீவிலோ நெடுந்தீவிலோ இருந்து புறப்படுகிறவள் குறிகட்டுவானுக்குப் படகேறி, பஸ் பிடித்து, கட்டுநாயக்க போய்ச் சேர்கிறாள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து சென்னைக்கும் போகிறார்கள். அப்போது அந்நியர் நாம்தான். நமக்கான விதிகளை நாம் படித்துக்கொண்டோமா?

மூன்று கேள்விகள்

1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்டார். மாலுமி திசை தவறியதால் கப்பல் நம் நாட்டின் பத்தளையில் வந்து ஒதுங்கியது. அதைப் புத்தளம் என்பார்கள். அங்கே இருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்பதையும், பாவா ஆதம் மலைக்குப் போவதே தம் விருப்பம் என்பதையும் தெளிவாகச் சொன்னார். மன்னர் பல்லக்கும் துணையும் கொடுத்து அனுப்பி வைத்தார்.

எங்கிருந்து வருகிறாய்? எதற்கு வந்தாய்? இங்கே உனக்கு யாரைத் தெரியும்? இன்றைய குடிவரவு அதிகாரி கேட்பதும் இந்த மூன்றைத்தான். பதில் சுருக்கமாக, உண்மையாக, பயணப் பத்திரங்களில் உள்ளபடியே இருக்கட்டும். வேலை விசாவில் போகிறவள் "உறவினரைப் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் அங்கேயே சிக்கல் ஆரம்பம். போய்ச் சேரும் வீட்டின் முகவரி, தொலைபேசி எண், வேலைக்கு எடுப்பவரின் முழுப் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். விளங்காத கேள்விக்குத் தலையாட்டாதீர்கள். "லா அஃப்ஹம்", விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

வளைகுடா நாடுகளில் கைரேகை எடுப்பார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள். முகம் மூடுகிற சகோதரிகள் அங்கே முகம் காட்டத்தான் வேண்டும். பெண் அதிகாரியைக் கேட்கலாம், பெரும்பாலும் இருப்பார்கள். இது எல்லோருக்கும் உள்ள விதி, அவமதிப்பு என்று எண்ண வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ஓதத் தெரிந்தவள் வழி தவறமாட்டாள்

"எனக்கு இங்கிலீசும் தெரியாது, அரபியும் தெரியாது, எப்படிப் போவேன்?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குர்ஆன் ஓதப் படித்த உங்களுக்கு எழுத்துத் தெரியுமே! அறிவிப்புப் பலகையில் ஸபர், ஸேர் இருக்காது. ஆனாலும் பழகிய சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம்.

"ஜவாஸாத்" என்று இருந்தால் கடவுச்சீட்டுப் பார்க்கும் இடம். "அம்திஆ" என்றால் பெட்டிகள் வரும் இடம். "ஜமாரிக்" என்றால் சுங்கம். "குரூஜ்" என்றால் வெளியே போகும் வழி. "ஸய்யிதாத்" என்றால் பெண்களுக்கானது. இவற்றோடு "அக்து" (வேலை ஒப்பந்தம்), "கஃபீல்" (பொறுப்பாளர்), "ஸஃபாரா" (தூதரகம்) ஆகியவற்றையும் புறப்படும் முன் பத்து நாள் எழுதிப் பழகுங்கள். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆலிமாக்கள் இதற்கு ஒரு மாலை ஒதுக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பெட்டியும் பொட்டலமும்

பெட்டி வராவிட்டால் அழுதுகொண்டு வெளியே போய்விடாதீர்கள். வெளியேறும் முன்பே அங்குள்ள விமானக் கம்பனியின் முறைப்பாட்டு மேசையில் சொல்லி, எண்ணோடு ஒரு சீட்டு வாங்குங்கள். பெட்டி ஏற்றும்போது கொடுத்த துண்டுச் சீட்டு அதற்குத் தேவை, பத்திரம். 1999இன் மொன்றியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமானால் கிடைத்ததிலிருந்து 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். உடைந்த கலத்தின் சரக்குக்கு நயினாதீவுக் கல்லில் விதி இருந்ததுபோல, உடைந்த பெட்டிக்கும் விதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

சுங்கத்தில் மிகவும் கவனம் வேண்டும். நம் சமையலில் சாதாரணமான கசகசா, ஐக்கிய அரபு இராச்சியம், சவூதி, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்டது. அது அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு வெற்றிலையும் கொண்டு போகக் கூடாது. வலி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் சில கட்டுப்பாட்டுக்குட்பட்டவை. மருந்து எதுவானாலும் வைத்தியரின் சீட்டோடு கொண்டு போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "என் மகளுக்கு இந்தச் சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று யார் தந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உள்ளே போதைப்பொருள் இருந்தால் சவூதியில் உயிரே போகலாம். "கொடுத்தவர் நல்லவர்" என்ற பதில் அங்கே செல்லாது.

பொய்ப் பத்திரத்தின் விலை

இனி முக்கியமான விஷயம். மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை நாம் மறக்க முடியுமா? 2005 மே மாதம் சவூதியில் போய் இறங்கியபோது அந்தப் பிள்ளைக்கு வயது 17. பிறந்தது 1988இல். கடவுச்சீட்டிலோ 1982 என்று இருந்தது. சில வாரங்களுக்குள் அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவள் சிறுமி என்று உலகமே மன்றாடியது. கடவுச்சீட்டோ அவளை வளர்ந்தவளாகக் காட்டியது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

சகோதரிகளே! குடிவரவு மேசையில் பொய்ப் பத்திரத்தைக் காட்டும் ஒரு பெண், தனக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சியை இழந்துவிடுகிறாள். "வயதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதும்" என்று முகவர் சொன்னால், அந்த முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கையில் காசு கொடுத்தாலும்தான்!

கையைவிட்டு விடாதீர்கள்

சில வளைகுடா விமான நிலையங்களில் பணிப்பெண்களைத் தனி இடத்தில் அமர வைத்து, வேலைக்கு எடுத்தவர் வந்ததும் ஒப்படைப்பது உண்டு. சில மணி நேரம் ஆகலாம். பயப்பட வேண்டாம். ஆனால் வருகிறவரின் பெயர் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள பெயர்தானா என்று பாருங்கள். அதிகாரியிடம் அல்லாமல் வெளியே நிற்கும் யாரிடமும் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

வேலைக்கு எடுத்தவர் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கமாகிப் போயிருக்கலாம். ஆனால் அது சட்டம் அல்ல. குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம் அதைத் தடுக்கிறது. கத்தார் அதே 2015இல் இயற்றிய சட்டத்தில் இதற்கு 25,000 ரியால் வரை அபராதம் உண்டு. நேரில் சண்டை பிடிக்க முடியாத நிலை வரலாம். அதனால் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றையும் புறப்படும் முன்பே படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். பிரதி ஒன்று பெட்டியில், ஒன்று உடுப்புக்குள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீண்ட வசனம் (அல்பகரா 282). ஆகவே ஒப்பந்தத்தைக் கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல, மார்க்கம் காட்டிய ஒழுங்கு.

வீட்டார் செய்ய வேண்டியது

1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் யாரையும் வேலைக்கு அனுப்பாதீர்கள். பணியகத்தின் 1989 என்ற எண் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். போகும் நாட்டில் உள்ள நம் தூதரகத்தின் எண்ணை அவள் மனப்பாடம் செய்யட்டும். கைத்தொலைபேசி கைவிட்டுப் போனாலும் மனப்பாடம் போகாது.

சவூதி, குவைத், கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. துபாய் ஒன்றரை மணி. அதைக் கணக்குப் பார்த்து, இறங்கியதும் எடுக்கும் முதல் அழைப்புக்காக வாப்பாவோ, மாப்பிள்ளையோ, மகனோ ஒருவர் விழித்திருங்கள். "வந்துவிட்டேன்" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்காதீர்கள். யார் வந்தார்கள், எந்த ஊர், கடவுச்சீட்டு யார் கையில் என்று கேட்டு, திகதியோடு எழுதி வையுங்கள்.

அல்லாஹ் நம் பிரயாணங்களை இலேசாக்கி, போனவர்களைச் சுகமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.