அறிவிப்பின்றி வந்த அஞ்சல் விதி

2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், மின்னஞ்சல் குழுக்களை நடத்தி வந்த பலர், உறுப்பினர்களுக்குச் செல்லவேண்டிய மடல்கள் திரும்பி வருவதையும், யாதொரு குற்றமும் செய்யாதவர்கள் குழுவிலிருந்து தாமாகவே நீக்கப்படுவதையும் கண்டு திகைத்தார்கள். யாஹூ நிறுவனம் தன் விலாசங்கள் சம்பந்தமான பாதுகாப்பு விதியை, குழு நடத்துவோருக்கு முன்னறிவிப்பு எதுவுமின்றி மாற்றியதே அதற்குக் காரணம்.

1982இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் முறை, அனுப்புவோர் யார் என்று விசாரிப்பதில்லை. தபால் உறையின்மேல் யாரும் யாருடைய விலாசத்தையும் எழுதிவிடலாம் என்பது போன்ற நிலைமைதான் அது. இந்த இடைவெளியில் மோசடிக்காரர்கள் புகுந்துவிடவே, ஒரு நிறுவனத்தின் பெயரால் மடல் அனுப்பும் பாத்தியதை எந்தெந்தக் கணினிகளுக்கு உண்டு என்று கூறும் எஸ்பிஎஃப் முறையும், மடலிலேயே மின்கையொப்பம் இடும் டிகேஐஎம் முறையும் தோன்றின. 2012இல் வெளியான டிமார்க், இவ்விரண்டில் ஒன்றேனும் அனுப்புநரின் விலாசத்தோடு பொருந்தவேண்டும் என்றும், பொருந்தாத மடலைக் கவனிப்பதோடு விடுவதா, ஒதுக்கி வைப்பதா, நிராகரிப்பதா என்பதை விலாசத்துக்கு உரியவரே அறிவிக்கலாம் என்றும் விதித்தது.

யாஹூ தேர்ந்துகொண்டது நிராகரிப்பை. வாடிக்கையாளருக்கு நேராகக் கடிதம் அனுப்பும் வங்கிக்கு அது மிகவும் உசிதமே. ஆனால் குழுவின் வழியாகச் செல்லும் மடலோ வேறொரு கணினியிலிருந்து மறுபடி புறப்படுவதால் முதற் சோதனையில் தவறுகிறது. தலைப்பில் குழுவின் பெயரும் அடியில் ஒரு குறிப்பும் சேர்வதால் கையொப்பமும் செல்லாததாகிவிடுகிறது. ஆகவே யாஹூ விலாசக்காரர் ஒருவர் குழுவுக்கு எழுதிய உண்மையான மடலை, ஜிமெயில் முதலிய சேவைகள் போலியென்று திருப்பின; திரும்பிய மடல்களின் கணக்கு பெறுநர்மீது ஏறியதால், குழு மென்பொருள் அவரையே நீக்கிற்று. அதே மாதத்தில் ஏஓஎல் நிறுவனமும் இவ்வழியைப் பின்பற்றியது.

போலி மடல்களைத் தடுக்கவேண்டும் என்ற உத்தேசத்தைக் குறைகூற இயலாது. எனினும், மாற்றத்தைச் செய்தவர் ஒருவராகவும், அதன் சிரமத்தைச் சுமந்தவர் வேறொருவராகவும் ஆனது நியாயமன்று. அனுப்புநரின் விலாசத்தை நீக்கிக் குழுவின் விலாசத்தைப் போடும்படி மென்பொருள்களைத் திருத்தவேண்டியதாயிற்று. கைமாறிச் செல்லும் மடலின் நம்பகத்தைக் காக்க முயலும் ஏஆர்சி முறை, பரிசோதனைத் தரமாக வெளிவந்ததே 2019இல்தான்.

முன்னறிவிப்பு அசாத்தியமான காரியமுமன்று. கூகுளும் யாஹூவும் பெருமளவில் மடல் அனுப்புவோர்க்கு டிமார்க்கைக் கட்டாயமாக்க முனைந்தபோது, 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரி முதல்தான் அமல்படுத்தத் தொடங்கின. ஜிமெயில் விலாசங்களுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்குமேல் அனுப்புவோரே அதற்கு உட்பட்டவர் என்ற வரம்பையும் கூகுள் தெளிவாகச் சொல்லிற்று.

சொந்த விலாசம் வைத்திருக்கும் சிறு நிறுவனத்தாரும் டிமார்க்கை முதலில் கவனிப்பு நிலையில் வைத்து, வந்துசேரும் அறிக்கைகளை ஆராய்ந்த பின்னரே நிராகரிப்புக்குச் செல்வது நலம். கோடிக்கணக்கானோரின் கடிதப் போக்குவரத்தைக் கையில் வைத்திருப்போர் இந்த நிதானத்தைக் கைக்கொள்வது சலுகையன்று, கடமை.