உறுமுகிறது, ஓடவில்லை

பட்டறைப் பக்கம் – 11

சுவிட்சைப் போட்டதும் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ‘ம்ம்ம்’ என்று உறுமல். அவ்வளவுதான். சக்கரம் அசையவில்லை. மனதுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. அணைத்துவிட்டேன்.

போன வாரம் விட்ட இடம் இது. ஜெர்மனியில் ஹைல்பிரோன் நகருக்குத் தெற்கே, நெக்கார் ஆற்றங்கரையில் லௌஃபன் என்ற சிற்றூர். திராட்சை பயிரிடும் பெரியவர் ஒருவரின் கொட்டகையில் பன்னிரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பேண்ட் சா மிஷினைத் துடைத்து, துருவைச் சுரண்டி, புது பிளேடு மாட்டியிருந்தோம். எழுபதுகளின் நடுவில் அவருடைய அப்பா வாங்கியது. கொடிகளைத் தாங்கும் கட்டைகளை அறுத்ததெல்லாம் இதில்தான். உறுமலைக் கேட்டதும் பெரியவருக்கு முகம் விழுந்துவிட்டது. “மோட்டார் போய்விட்டது. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்” என்றார்.

“கொஞ்சம் பொறுங்கள், இது போகவில்லை” என்றேன்.

அந்த உறுமல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பொள்ளாச்சிப் பக்கம் அம்மாயி வீட்டில் பெரிய வெட் கிரைண்டர் இருந்தது. மழைக்காலம் வந்தால் இதேபோல உறுமிக்கொண்டு நிற்கும். “கண்ணு, ஒரு தள்ளுத் தள்ளு” என்பார் அம்மாயி. பானையின் விளிம்பைப் பிடித்துச் சுழற்றிவிட்டால் போதும், கிறுகிறுவென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு மணி நேரம் நிற்காது. மெக்கானிக் அண்ணன் வந்து திறக்காமலேயே சொல்வார்: “கண்டன்சர் போயிருச்சுங்க.” டேபிள் ஃபேனின் இறக்கையை விரலால் சுண்டிவிட்டுக் காற்று வாங்கிய வீடு எதற்கும் இந்தக் கதை புதிதல்ல.

லௌஃபனிலும் அதையே செய்து பார்த்தேன். ஆனால் பிளேடோ பெல்ட்டோ மாட்டியிருக்கும்போது இந்தச் சோதனையை யாரும் செய்யக் கூடாது, விரல் போய்விடும். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றினோம். மோட்டார் புல்லியைக் கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. பேரிங் நன்றாக இருக்கிறது. புல்லியில் சணல் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி, பிளக்கைச் சொருகி, கயிற்றை முழுக்க இழுத்துவிட்ட பிறகு சுவிட்சைப் போடச் சொன்னேன். மோட்டார் பிடித்துக்கொண்டது. நின்றதும் கயிற்றை மறுபக்கமாகச் சுற்றி இழுத்தோம். இப்போது எதிர்த்திசையில் அதே வேகத்தில் ஓடியது. பெரியவர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடுகிற மோட்டாருக்கு வைண்டிங் எரியவில்லை. அதற்குத் தெரியாதது, எந்தப் பக்கம் கிளம்புவது என்பது மட்டும்தான்.

சிங்கிள் பேஸ் கரண்டின் குணம் அது. மெயின் வைண்டிங்கில் பாயும் கரண்ட் வினாடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்புகிறது. அதனால் எழும் காந்தப்புலம் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடுமே தவிர, சுற்றி வராது. சுற்றி வராத புலத்தால் நிற்கிற ரோட்டரைக் கிளப்ப முடியாது. அதற்காகத்தான் ஸ்டார்ட்டிங் வைண்டிங் என்று இன்னொரு சுருளை வைத்து, அதோடு கெபாசிட்டரைச் சேர்க்கிறார்கள். கெபாசிட்டர் வழியாகப் போகும் கரண்ட் மெயின் வைண்டிங்கின் கரண்டைவிடக் கால் சுற்று முந்திக்கொள்ளும். முன்னும் பின்னும் ஓர் ஆட்டம், அதற்குக் குறுக்கே சற்று முந்திய இன்னோர் ஆட்டம். இரண்டும் சேர்ந்தால் புலம் சுழலும், ரோட்டர் அதன் பின்னால் ஓடும்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வடத்தை ஆயிரம் பேர் இழுத்தாலும் நிலையில் நிற்கும் தேர் சட்டென்று நகராது. சக்கரத்துக்குப் பின்னால் நெம்புகட்டை கொடுத்து உந்துவார்கள். தேர் நகர்ந்ததும் கட்டையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வடம் பார்த்துக்கொள்ளும். மோட்டாருக்குள் அந்தக் கட்டையை எடுக்கிற ஆள், அச்சில் உட்கார்ந்திருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச். முழு வேகத்தில் முக்கால் பங்கு வந்ததும் அதன் சிறு எடைகள் வெளிப்பக்கம் விரிந்து, ஸ்டார்ட்டிங் வைண்டிங்கையும் கெபாசிட்டரையும் துண்டித்துவிடும். அதற்கு இரண்டு மூன்று வினாடிகூட ஆகாது.

ஜெர்மன்காரர்கள் இதை ‘அன்லௌஃப் கொண்டென்சாட்டோர்’ என்கிறார்கள். அன்லௌஃப் என்றால் தாவுவதற்கு முன் எடுக்கும் ஓட்டம். கொண்டென்சாட்டோர் என்று பெரியவர் சொன்னதும் எனக்கு நம் மெக்கானிக் அண்ணனின் ‘கண்டன்சர்’ காதில் விழுந்தது. ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் அந்தப் பெயரை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. கோவை உக்கடத்து ரீவைண்டிங் கடையும் நெக்கார்க் கரைக் கொட்டகையும் விடவில்லை.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி: “பக்கத்து வீட்டு மிஷினில் இந்த டப்பாவே இல்லையே?” பக்கத்து வீட்டில் இருப்பது திரீ பேஸ் மோட்டார். அதற்குக் கெபாசிட்டர் தேவையில்லை, ஏனென்றால் மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சுழலும் புலத்தைத் தாமாகவே உண்டாக்கிவிடும். அந்த திரீ பேஸ் உலகத்துக்கு முதன்முதலில் பெரிய அளவில் அறிமுகமானதே இவருடைய ஊரிலிருந்துதான் என்றேன். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

1891ஆம் ஆண்டு. பிராங்பர்ட்டில் சர்வதேச மின்சாரக் கண்காட்சி. அதை முன்னின்று நடத்தியவர், பின்னாளில் மியூனிக்கில் டாய்ச்சஸ் மியூசியத்தை நிறுவிய ஆஸ்கர் ஃபான் மில்லர். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோக முடியுமா என்று பெரிய வாக்குவாதம் நடந்த காலம். லௌஃபன் சிமெண்ட் ஆலையில் நெக்கார் ஆற்றுத் தண்ணீரில் சுழன்ற ஜெனரேட்டரிலிருந்து 175 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்தில் பிராங்பர்ட்டில் ஆயிரம் விளக்குகள் எரிந்தன. மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றிச் செயற்கை அருவியைக் கொட்டவைத்தது. இங்கே ஆறு விழுந்த வேகத்தில் அங்கே அருவி விழுந்தது. அந்த மோட்டாருக்குப் பின்னால் இருந்தவர், ஏ.இ.ஜி. நிறுவனத்தின் பொறியாளர் மிகைல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி. ரஷ்யாவில் பிறந்து டார்ம்ஸ்டாட்டில் படித்தவர். அணில் கூண்டு ரோட்டர் வைத்த திரீ பேஸ் மோட்டாரை 1889இல் செய்து காட்டினார். இன்றைக்கும் ஜெர்மன்காரர்கள் திரீ பேஸைச் ‘சுழல் கரண்ட்’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட ஊரில், இந்தக் கொட்டகைக்கு அன்றைக்கு வந்திருந்தது சாதாரண பிளக் பாயிண்ட் மட்டும். அதனால்தான் அப்பா சிங்கிள் பேஸ் மிஷினை வாங்கினார். இப்படி சிங்கிள் பேஸில் அடைபட்ட பட்டறைகள் இங்கே எத்தனையோ. திரீ பேஸ் மோட்டாரையே கெபாசிட்டர் வைத்து 230 வோல்ட்டில் ஓட்டும் இணைப்பும் உண்டு. அதற்கு ஸ்டைன்மெட்ஸ் இணைப்பு என்று பெயர். 1865இல் பிரெஸ்லௌவில் பிறந்து, சோஷலிஸ்டாக இருந்ததற்காகப் போலீஸ் தேடியதால் 1888இல் நாட்டைவிட்டு ஓடி, அமெரிக்காவில் ஏசி கரண்டின் கணக்கையே எளிமையாக்கிக் கொடுத்தவர் ஸ்டைன்மெட்ஸ். கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபாரட் என்று இங்கே எலெக்ட்ரீஷியன்கள் வாய்ப்பாடாகச் சொல்வது அந்த இணைப்புக்குத்தான். ஓடவிட்ட நாட்டின் பட்டறைகளில் அவர் பெயர் தினமும் ஒலிக்கிறது என்பதில் எனக்குத் தனியான சந்தோஷம்.

சரி, டப்பாவுக்கு வருவோம். மோட்டாரின் முதுகில் திமில்போல உட்கார்ந்திருந்தது. ஜெர்மனியில் மின்வேலை கற்கும் பையன்களுக்கு ஐந்து பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்விப்பார்கள். முதல் மூன்று: துண்டி, திரும்ப யாரும் போடாதபடி காபந்து செய், கரண்ட் இல்லை என்று அளந்து பார். பிளக்கைப் பிடுங்கி மேசையில் கண்முன்னே வைத்துக்கொண்டேன்.

அதோடு ஆபத்து தீர்வதில்லை. கெபாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாத்திரம். 1745 அக்டோபரில் பொமரேனியாவின் கம்மின் ஊர் தேவாலயத்தைச் சேர்ந்த ஃபான் கிளைஸ்ட் என்ற பாதிரியார், மருந்துப் புட்டிக்குள் ஆணியைச் செருகி அதில் மின்சாரம் ஏற்றிப் பார்த்தார். பிறகு ஆணியைத் தொட்டவருக்குத் தோள்வரை அதிர்ந்தது. உலகத்தின் முதல் கெபாசிட்டர் அந்தப் புட்டிதான். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் ஏசியின் உச்சம் 325 வோல்ட். அந்த உச்சத்தில் துண்டிக்கப்பட்டால் அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு டப்பா சும்மா உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் ‘பட்’டென்று ஷார்ட் அடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பொறி கண்ணுக்குப் பறக்கும், நல்ல கெபாசிட்டரும் கெட்டுப்போகும். பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளுக்கும் இன்சுலேஷன் போட்ட வயர் பற்றவைத்து வைத்திருக்கிறேன். ஐந்தாறு வினாடி தொட்டால் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

கவசத்தைத் திறந்ததும் கருகிய மீன் மாதிரி வாடை. டப்பாவின் அடிப்பக்கம் உப்பி, ரப்பர் மூடியின் ஓரத்தில் பழுப்பு நிறப் பிசின் கசிந்து காய்ந்திருந்தது. மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் இந்த வயதுள்ள கெபாசிட்டரை வெறுங்கையால் தொடவே கூடாது. எண்பதுகளின் தொடக்கம்வரை வந்த, மோட்டார் ஓடும்போதும் துண்டிக்கப்படாத ரன்னிங் கெபாசிட்டர்கள் பலவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருந்தது. இங்கே அதற்கு ‘குளோஃபன்’ என்று வியாபாரப் பெயர். பேயர் நிறுவனம் 1983இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. 1989இல் ஜெர்மனி மொத்தமாகத் தடை செய்தது. தோல் வழியாகவே உடம்புக்குள் போய்க் கொழுப்பில் தங்கிவிடும். நம் ஊரில் பழைய மோட்டாரை உடைத்துச் செம்பு எடுக்கும் கடைகளில் கையுறைகூட இல்லாமல் சிறுவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும். எங்கள் டப்பா எலெக்ட்ரோலிடிக் வகை, குளோஃபன் இல்லை. இருந்தாலும் கையுறை போட்டே எடுத்து, பையில் கட்டி, ஊருக்கு வரும் நச்சுக் குப்பை வண்டிக்கென்று தனியே வைத்தோம்.

டப்பாவில் அச்சிட்டிருந்தது 100 மைக்ரோஃபாரட், 320 வோல்ட். மீட்டரில் வந்தது 4.

இதோடு நிறுத்திப் புதியதை மாட்டியிருந்தால் ஒரே நாளில் அதுவும் வெடித்திருக்கும். ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் வயதாகிச் சாவது உண்டுதான். ஆனால் இப்படிக் கருகிச் சாவது, நெம்புகட்டையை எடுக்கிறவர் தூங்கிவிட்டதால். மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினோம். சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சின் எடைகளில் மரத்தூளும் பழைய கிரீஸும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. அவை விரியவே இல்லை. மூன்று வினாடிக்காகச் செய்த கெபாசிட்டர், மிஷின் கடைசியாக ஓடிய நாளில் நிமிடக்கணக்கில் வெந்திருக்கிறது. எடைகளை எடுத்து ஸ்பிரிட்டில் கழுவி, கறுத்த காண்டாக்டுகளை நைஸ் எமரித் தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினார் பெரியவர். அவர் கை நடுங்கவில்லை. கொடி வெட்டிப் பழகிய கை.

புதுக் கெபாசிட்டர் வாங்கப் பதினைந்து யூரோகூட ஆகவில்லை. மைக்ரோஃபாரட் அதேதான் வேண்டும். கூடுதலாகப் போட்டால் வேகமாகக் கிளம்பும் என்று நினைப்பவர்கள் உண்டு, ஸ்டார்ட்டிங் வைண்டிங் சுடும். வோல்ட் அதே அல்லது கூடுதல், குறையவே கூடாது. ஏசி மோட்டாருக்கான ஸ்டார்ட்டிங் வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும். ரேடியோக் கடையின் டிசி எலெக்ட்ரோலிடிக்கைப் போட்டால் பட்டாசுதான். பிளஸ் மைனஸ் இதற்குக் கிடையாது, இரண்டு வயரும் எப்படி மாட்டினாலும் சரி. மாட்டிய பிறகு, பச்சை மஞ்சள் எர்த் வயருக்கும் மிஷினின் இரும்புக்கும் நடுவே அளந்தேன். 0.3 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம், 0.1 வந்தது.

பெல்ட்டையும் பிளேடையும் மாட்டி, கதவுகளைச் சாத்தி, பெரியவரையே சுவிட்சைப் போடச் சொன்னேன். உறுமவில்லை. ஒரு மூச்சு, உடனே ஒரு ‘டக்’, அதற்குப் பிறகு சீரான ஓட்டம். ஓக் மரத் துண்டொன்றை மெதுவாக உள்ளே விட்டார். புது மரத்தூளின் புளிப்பு வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது. அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி அணைத்தார்.

“அடிக்கடி போட்டு அணைக்க வேண்டாம், கெபாசிட்டர் ஆற நேரம் கொடுங்கள்” என்றேன்.

தலையாட்டினார். ஆனால் கை சுவிட்சை விட்டு நகரவில்லை. சக்கரம் வேகம் குறைந்து வந்தது. விரலை உயர்த்தி என்னைப் பேசாமலிருக்கச் சொன்னார். பிளேடின் சீறல் அடங்கி, பெல்ட்டின் சத்தம் தனியாகக் கேட்கத் தொடங்கிய நேரத்தில், மோட்டாருக்குள்ளிருந்து மெல்லிசாக வந்தது அந்த ‘டக்’. எடைகள் மடங்கி, சுவிட்ச் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

“அப்பா மிஷினை நிறுத்தும்போது இந்தச் சத்தம் வரும்” என்றார் பெரியவர்.

(தொடரும்)