வரப்பு மரமும் மண்பானையும்: கணக்கு நோட்டில் ஏறாத வருமானம்

“வயல் மூலையில் பெரிய வேப்பமரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழல் விழும் இரண்டு சென்ட் இடத்தில் நெல் சரியாகத் தூர் கட்டுவதில்லை. மரத்தை வெட்டிவிடலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 2,500 கிலோ நெல் என்றால், இரண்டு சென்ட்டில் 50 கிலோ. நிழலால் பாதி குறைந்தாலும் நஷ்டம் 25 கிலோ. கிலோ 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு போகத்துக்கு 625 ரூபாய். இது வெட்டச் சொல்லும் கணக்கு.

அந்த மரத்தடியில் யார் உட்காருகிறார்கள் என்பது இந்தக் கணக்கில் வரவில்லை. வேளாண் துறையில் சேர்ந்து 28 வருடங்கள் ஆகின்றன. பயிற்சிக் கூட்டங்களில் விதை, உரம், மகசூல் பற்றியே பேசுவோம். ஒரு முறை பேச்சுவாக்கில், “இந்தத் தொழிலில் உங்களுக்குப் பிடித்தது என்ன?” என்று கேட்டேன். மகசூல் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. “களை எடுத்துட்டு மரத்தடியில தூக்குவாளியைத் திறக்கிற நேரம்” என்றார் ஒரு அம்மா. “மோட்டார் போட்டதும் வாய்க்கால்ல முதல் தண்ணி ஓடுற சத்தம்” என்றார் ஒரு பெரியவர். இன்னொருவருக்கு ராத்திரிக் காவலுக்குப் போகும்போது கயிற்றுக் கட்டிலில் படுப்பது.

இவையெல்லாம் சின்னச் சுகங்கள்தான். ஆனால், ஒரு மனிதர் அறுபது வயதிலும் வயலுக்கு வரக் காரணமாக இருப்பவை. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் நாம் முதலில் கைவைப்பதும் இவற்றில்தான்.

மர நிழல்

வெயில் முன்பு போல் இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெயிலில் வேலை செய்கிறவருக்கு நிழல் இன்று மருந்து மாதிரி. கூலிக்கு வருகிறவர்களும் ‘உட்கார நிழல் இருக்கா, குடிக்கத் தண்ணி இருக்கா’ என்று பார்த்துத்தான் வருகிறார்கள். ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய விஷயம்.

வேப்பமரம் சும்மாவும் நிற்பதில்லை. கரிச்சான் குருவி அதில் உட்கார்ந்து அந்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும். இரவில் ஆந்தை வந்தால் எலி குறையும். நன்கு வளர்ந்த மரம் வருடத்துக்கு 30 முதல் 50 கிலோ வரை பழம் தரும். 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க 10 கிலோ பருப்பு வேண்டும். அதில் ஒரு பங்கை இந்த மரமே கொடுத்துவிடும்.

எனவே வாசகருக்கு என் பதில்: வெட்ட வேண்டாம், கவாத்து செய்யுங்கள். நடவுக்கு முன்பு வயல் பக்கம் சாய்ந்த கீழ்க் கிளைகளைக் கழித்துவிட்டால் காலை வெயிலும் மாலை வெயிலும் பயிருக்குக் கிடைக்கும். வரப்பை ஒட்டி இரண்டு அடி ஆழத்துக்குச் சிறிய பள்ளம் எடுத்து, வயலுக்குள் ஓடும் பக்க வேர்களை மட்டும் நறுக்கிவிட்டு மூடுங்கள். ஒரே பக்கமாக, மரத்தை ஒட்டி வெட்ட வேண்டாம், காற்றுக்குச் சாய்ந்துவிடும்.

புதிதாக மரம் வைக்கிறவர்கள் வடக்கு வரப்பில் வைக்கலாம். சம்பா பருவத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் வடக்கே விழும். அந்தப் பக்கம் பாதையோ வாய்க்காலோ இருந்தால் நல்லது. பக்கத்து வயலாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

மண்பானைத் தண்ணீர்

பானையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அதன் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்வதால் தண்ணீர் குளிர்கிறது. காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் கோடையில் நன்றாகக் குளிரும். மழைக்காலத்தில் அவ்வளவாகக் குளிராது.

புதுப் பானையை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். காற்றோட்டமான நிழலில், ஈர மணல் மேல் வையுங்கள். அழகுக்காக வெளியே பெயின்ட் அடித்தால் துளை அடைந்துவிடும். சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும். மூடியும், மொண்டு எடுக்கக் கைப்பிடி உள்ள குவளையும் வேண்டும். எல்லோரும் கைவிட்டு மொள்ளக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிதண்ணீர் எடுத்துப் போகாதீர்கள். மருந்து கலக்கும் இடமும் சோறு சாப்பிடும் இடமும் ஒரே மரத்தடியாக இருப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். மருந்து கலப்பதைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சோறு

ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், விடிவதற்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதை லேசாகப் புளிக்கவைக்கின்றன. காலையில் உப்பும் மோரும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால், வியர்வையில் போகப்போகும் நீரும் உப்பும் முன்கூட்டியே உடம்பில் சேர்ந்துவிடும். ருசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சோறு சூடு ஆறியதுமே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பல மணி நேரம் அப்படியே கிடந்த சோற்றில் கிருமி சேரும். கோடையில் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். நூல் விட்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ மாட்டுக்கும் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதுவும் சோறுதான், அளவு தேவை.

கயிற்றுக் கட்டில்

தேங்காய் நார்க் கயிற்றுக் கட்டிலில் மேலும் கீழும் காற்று போகும், முதுகு வேர்க்காது. தொய்ந்துவிட்டது என்று பரணில் போட்டவர்கள், கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிப் பாருங்கள். மாதம் ஒரு முறை கடும் வெயிலில் காயவைத்தால் மூட்டைப்பூச்சித் தொல்லையும் குறையும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் கட்டில் அவர்களுக்கு. உழைத்து ஓய்ந்தவர்கள் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ காற்று வாங்கிக்கொண்டு படுப்பதைவிட வேறு பெரிய சுகம் கேட்பதில்லை.

வாசகர் கேள்விகள்

*கலங்கிய கிணற்றுத் தண்ணீரைப் பானையில் ஊற்றித் தேற்றான்கொட்டை உரசினால் போதுமா?*

கலங்கல் கீழே படிந்து தண்ணீர் தெளியும். ஆனால், கிருமி சாகாது. தெளிந்த நீரை வடித்து, கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பானையில் ஊற்றுங்கள்.

*வரப்பில் மரம் இல்லை. வளர வருடக்கணக்கில் ஆகுமே, அதுவரை என்ன செய்வது?*

நான்கு கம்பு நட்டு, மேலே தென்னங்கீற்று போடுங்கள். பக்கவாட்டில் அடைக்காமல் காற்று வர விடுங்கள். பக்கத்திலேயே இந்த மழையில் ஒரு வேப்பங்கன்றையும் நட்டு, ஆடு கடிக்காமல் முள் கட்டுங்கள்.

*வெயிலில் வேலை செய்யும்போது ஒருவருக்குத் தலைசுற்றினால்?*

உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் உப்பு, சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வெயில் காலத்தில் காலை 11 மணிக்குள் ஒரு வேளையும், மாலை 3 மணிக்கு மேல் ஒரு வேளையுமாக வேலையைப் பிரித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.